நாஞ்சில் நாடும் நிழற்படமும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவன கல்வெட்டுகள், அடுத்துச் செப்பேடுகள், அதற்கும் அடுத்து ஓலைச்சுவடிகள். தோவாளை, அகஸ்தீசுவரம் என்னும் இரு வட்டங்களையும் தன்னகத்தே கொண்ட நமது நாஞ்சில் நாடு இவ்வகையில் வறுமையுற்றதன்று. சுசீந்திரம் கோயிலிற் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் தேடிக் கண்டு உலகிற்கு அளித்தார்கள். ஆயினும், இச்சான்றுகள் எவற்றிலும் காணக் கிடையாத பொருள் ஒன்று உண்டு. அது மனித முகம். நிலத்தை ஒற்றி வைத்தவன் பெயரை ஓலை சொல்லும். அவன் முகத்திற் கவலை இருந்ததா என்பதை ஓலை சொல்லாது. அதனைச் சொல்ல வந்த சான்று நிழற்படம்.

கல்வெட்டைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும்; படத்தைப் பார்க்க யாருக்கும் பயிற்சி வேண்டுவதில்லை என்று பலர் நினைக்கின்றனர். அஃது அவ்வளவு எளிதன்று. காமிரா இருந்த இடத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்ப்பதில்லை; அதனைப் பிடித்திருப்பவன் திருப்பிய பக்கமே அது பார்க்கும். அவன் எதை விரும்பினான், யாருக்காக எடுத்தான், பணம் கொடுத்தவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்டுப் பார்த்தால், ஒவ்வொரு படமும் தன்னுள் இருப்பவரைப் பற்றியும் பேசும். தன்னுள் இடம் பெறாதவரைப் பற்றியும் பேசும். இக்கருத்தை மனத்திற்கொண்டு, நம் நாட்டில் நிழற்படக்காரர் எதை எதை விரும்பிப் படம் பிடித்தனர் என்பதைச் சற்று நோக்குவோம்.

1839-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டாகுவேர் என்பவரின் படம் பிடிக்கும் முறை உலகறிய வெளியிடப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அக்கலை சென்னையில் வேரூன்றிவிட்டது. சென்னைக் கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் முதலியோரின் ஊக்கத்தால் 1856-இல் அந்நகரில் நிழற்படக் கழகம் ஒன்று தோன்றிற்று. அவ்வாண்டிலேயே சென்னை அரசினர் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவரைத் தம் நிழற்படக் கலைஞராக அமர்த்தினர். அவர் 1858-இல் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக இணைத்தார். வியக்கத்தக்க உழைப்பு! ஆனால் அவர் படங்களில் மனிதர் மிகவும் அருமை. கோபுரங்கள் அசையாமல் நின்றன, மனிதர் அசைந்தனர். அந்நாளைய காமிராவுக்கு அசைபவர் வேண்டாதவர். அரசினர்க்கும் அன்று வேண்டியிருந்தவை கட்டடங்களே.

டிரைப் மதுரையிற் படமெடுத்த அந்நாளில், தெற்கே திருவிதாங்கூர் அரசின் கீழிருந்த நம் நாட்டில் வேறொரு போராட்டம் நிகழ்ந்துகொண்டிருந்தது. மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காகச் சாணார் குலப் பெண்கள் அடியும் வசையும் பட்ட தோள்சீலைப் போராட்டம் அது. 1859-ஆம் ஆண்டு ஜூலையில் அரசர் உத்திரம் திருநாள் அவ்வுரிமையை அளித்து ஆணையிட்டார். உயர்குலப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்னும் தடை அவ்வாணையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. இதனை நினைவிற் கொள்ள வேண்டும். பிற்காலப் படங்களில் ஒரு பெண் குப்பாயம் அணிந்து நிமிர்ந்து நிற்பதைக் காணும்போது, அவ்வுடையின் பின்னால் எத்தனை துன்பம் இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

திருவிதாங்கூர் அரசினர்க்குத் தனியே ஒரு நிழற்படக் கலைஞர் இருந்தார். சக்கரியா டி குரூஸ் என்பது அவர் பெயர். 1900-ஆம் ஆண்டையொட்டி அவர் எடுத்த திருவிதாங்கூர்க் காட்சிகள், வைசிராயாக இருந்த கர்சன் பிரபுவின் தொகுப்பிற் சேர்ந்து, இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அரண்மனை, கோயில், அருவி, காயல், சாலை இவையே அவர் பெரிதும் விரும்பிய பொருள்கள். நம் அரசு இத்துணைச் சிறப்புடையது என்று விருந்தினர்க்குக் காட்டுவது அரசுக் கலைஞரின் கடமை. அக்கடமையை அவர் அழகுறச் செய்தார். சாலையை வெட்டிய கூலியாளின் முகத்தை அவ்விடத்தில் தேடுவது நம் பிழையே ஒழிய அவர் பிழையன்று.

அரண்மனை நோக்காத பக்கத்தை மிஷனரிமார் நோக்கினர். 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து லண்டன் மிஷன் இங்கே வளர்ந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, பின்னல் வேலை செய்யும் பெண்கள் ஆகிய இவை மிஷனரிகளின் நூல்களிலும் சஞ்சிகைகளிலும் இடம் பெற்றன. இங்கிலாந்தில் இருந்தோர் இவற்றைக் கண்டு நன்கொடை அளிக்கவேண்டும் என்பது நோக்கம். ஆகவே அப்படங்களிலும் ஒரு சார்பு உண்டு: ஏழையாக ஒருவரைக் காட்டு, பின்னர்த் திருந்தியவராக அவரையே காட்டு என்பது அதன் இலக்கணம். பெரும்பாலான படங்களின் கீழ் அவர்தம் பெயர் இராது. குலப்பெயர் இருக்கும், அல்லது தொழிற்பெயர் இருக்கும். எனினும், உழைக்கும் மக்களின் முகம் முதன்முதலாகக் கண்ணாடித் தகட்டிற் பதிந்தது அவர்களால்தான் என்பதை நன்றியுடன் ஒப்பவேண்டும்.

மிஷன் மருத்துவர் ஒருவரைப் பற்றி ஈண்டுக் கூறாமல் இருக்க இயலாது. நாஞ்சில் நாட்டை அடுத்துள்ள நெய்யூரில் நெடுங்காலம் அறுவை மருத்துவராகத் தொண்டாற்றியவர் ஹோவர்டு சாமர்வெல். 1922-இல் எவரெஸ்ட் மலையேறச் சென்று திரும்பியபோது அவர் நெய்யூருக்கு வந்தார். நோயாளிகள் திரளாகக் காத்திருப்பதைக் கண்டு இங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். 1924-இல் மீண்டும் மலையேறினார். அவ்வாண்டு ஜூன் 4-ஆம் நாள், ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில், தமக்கு முன்னே தள்ளாடி நடந்த நண்பர் நார்ட்டனை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. சின்னாட்களில் உச்சியை நோக்கிப் புறப்பட்ட மலோரிக்குத் தம் சிறிய கோடக் காமிராவைக் கொடுத்தனுப்பினார். மலோரி திரும்பவில்லை. 1999-இல் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது, காமிரா அகப்படவில்லை. மலோரி உச்சியை அடைந்தாரா என்னும் வினாவுக்கு விடை அந்தச் சிறு பெட்டியினுள் கழுவப்படாத பிலிமாக இருக்கக்கூடும் என்று இன்றும் பலர் எண்ணுகின்றனர். எடுக்கப்பட்ட படமும் கைக்கு வராவிட்டால் எடுக்கப்படாத படத்திற்கு ஒப்பே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நாஞ்சில் மண்ணிலேயே பிறந்து காமிராவுக்காகத் தம் வாழ்வைக் கொடுத்தவர் அகஸ்தீசுவரத்து ஜே. சி. டானியேல். 1900-இற் பிறந்தவர், சிலம்பக் கலையில் பெரும் ஈடுபாடு கொண்டவர். 1920-களின் இறுதியில் தம் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் பட நிலையம் அமைத்து, ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப் படத்தை உருவாக்கினார். கதையும் அவரே, காமிராவும் அவரே, நடிப்பும் இயக்கமும் அவரே. நாட்டிற் பெரும்பாலோர் புராணக் கதைகளைப் படமெடுத்த அந்நாளில் அவர் சமூகக் கதையை எடுத்துக்கொண்டார். மலையாளத் திரைப்படத்தின் தொடக்கமாக இன்று போற்றப்படுவது அப்படமே.

அதன் நாயகியாக நடித்தவர் பி. கே. ரோசி என்னும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண். கதையில் அவர் ஏற்ற வேடம் நாயர் குலப் பெண்ணுடையது. அதனைப் பொறாத கூட்டம் அரங்கில் திரையின்மீது கல்லெறிந்தது. ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. நாகர்கோவிற் பக்கம் வந்து, தம் பழைய அடையாளத்தை வெளிக்காட்டாமலே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார் என்பர். படச்சுருளும் அழிந்தது. டானியேல் வறுமையுற்று, 1975-இல் அகஸ்தீசுவரத்திலேயே மறைந்தார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் எழுத்தாளர் விடாது முயன்றதன் பின்னரே அவர் பெருமை வெளிப்பட்டது. 1992 முதல் கேரள அரசு அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. ஆனால் ரோசியின் முகம் இதுதான் என்று ஐயத்திற்கிடமின்றிக் காட்டத்தக்க படம் இன்றில்லை. மலையாளத் திரையின் முதல் நாயகிக்கு முகமில்லை! படமெடுத்தவன் விரும்பினான், பார்த்தவர்கள் பொறுக்கவில்லை. யார் காமிராமுன் நிற்கலாம் என்பதை அந்நாளில் ஊரே தீர்மானித்தது.

இனி, நம் நகரத்து ஸ்டுடியோக்களுக்கு வருவோம். மின்விளக்கு பரவாத காலத்தில் கண்ணாடிக் கூரை வழியாக வரும் பகலொளியே விளக்கு. பின்னால் தூண்களும் பூந்தொட்டிகளும் தீட்டிய திரைச்சீலை. முன்னால் வளைகால் மேசை. அதன்மேல் ஒரு புத்தகம். எழுத்தறியாதவரும் அப்புத்தகத்தின்மேல் கைவைத்தே நிற்பார். முக்காலியின்மீது நிற்கும் பெட்டிக் காமிராவைக் கறுப்புத் துணியால் மூடி, தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு, “அசையாதீர்கள்” என்பார் நிழற்படக்காரர். பிறகு இருட்டறை, மருந்து நீர், ஹைப்போ, கழுவல், உலர்த்தல். முகத்து அம்மைத் தழும்பை நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் மறைப்பது தனிக் கலை. வண்ணப் பிலிம் வருமுன்னர்க் கன்னத்திற்கும் சேலைக் கரைக்கும் தூரிகையால் வண்ணமிடுவது இன்னொரு கலை. படமெடுத்தால் ஆயுள் குறையும் என்றும், மூவராக நின்றால் நடுவில் நிற்பவர்க்கு ஆகாது என்றும் மக்கள் அஞ்சியதால், உயிரோடிருந்தபோது படமெடுத்துக்கொள்ளாத முதியவரை இறந்தபின் நாற்காலியில் அமர்த்திப் படமெடுத்த வீடுகளும் உண்டு.

நாஞ்சில் நாட்டு ஸ்டுடியோப் படங்களில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை குடும்பக் குழுப்படங்கள். நாஞ்சில் வேளாளரிடையே மருமக்கள் வழி நிலவிய காலத்தில், சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாமல், மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குச் சென்றது. குடும்பத் தலைவராகிய காரணவரே எல்லாம். அம்முறையால் விளைந்த அல்லல்களை நகைச்சுவை ததும்பக் காட்டுவதற்கே கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ இயற்றினார். 1926-இல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அம்முறையை மாற்றிற்று. ஆசிரியப் பணியின் பொருட்டு நான் சென்ற இல்லங்களில் இம்மாற்றத்தைச் சுவரிலேயே கண்டிருக்கிறேன். பழைய படத்தில் நடு நாற்காலியில் மாமன் இருப்பார். மருமக்கள் சூழ்ந்து நிற்பர். அவ்வீட்டிலேயே பிந்திய படத்தில் தந்தையும் தாயும் அருகருகே அமர்ந்திருப்பர். மக்கள் மடியிலும் தோளருகிலும் இருப்பர். சட்டப் புத்தகத்தின் பல பக்கங்கள் விளக்குவதை ஒரு நாற்காலி விளக்கிவிட்டது.

ஸ்டுடியோவுக்குள் வராத நிழற்படக்காரர் கூட்டம் ஒன்று கன்னியாகுமரிக் கடற்கரையில் உண்டு. விடியுமுன்னரே கழுத்திற் காமிராவும் கையில் மாதிரிப் படங்களின் தொகுப்புமாக வந்து நிற்பர். அவர்கள் விரும்பும் பொருள் கதிரவனும் யாத்திரிகருமே. உள்ளங்கையிற் சூரியனை ஏந்தியிருப்பது போல ஒருவரை நிறுத்திப் படமெடுப்பது அவர்களுக்குக் கைவந்த வித்தை. பணத்தையும் முகவரியையும் பெற்றுக்கொண்டு, படத்தை அஞ்சலில் அனுப்பிய காலமும் இருந்தது. முன்பின் அறியாத இருவருக்கிடையே நிலவிய நம்பிக்கை அது. அவர்கள் படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால் குமரிமுனையின் வரலாறே கிடைக்கும். 1948 பிப்ரவரி 12-இல் காந்தியடிகளின் அஸ்தி கரைக்கப்பட்ட இடத்தில் 1956-இல் மண்டபம் எழுந்தது. 1970-இல் விவேகானந்தர் பாறையில் நினைவாலயம் எழுந்தது. 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் 133 அடி உயர வள்ளுவர் திறந்துவைக்கப்பட்டார். ஒவ்வொன்றும் எழ எழ, யாத்திரிகரின் தோளுக்குப் பின்னால் இருந்த வெறுங்கடல் நிறைந்துகொண்டே வந்தது. சித்திரைப் பௌர்ணமியன்று ஒருபுறம் கதிர் மறைவதும் மறுபுறம் மதி எழுவதும் அவர்களுக்குத் திருவிழா. 2010 ஜனவரி 15-இல் கதிரவன் வளையமாகத் தோன்றிய கிரகணமும் குமரிக்கரையிற் பல காமிராக்களை வானோக்கி நிமிரச் செய்தது. இன்று யாத்திரிகர் ஒவ்வொருவர் கையிலும் காமிரா உள்ள தொலைபேசி இருக்கிறது. அதனால் அத்தொழில் தளர்ந்துவிட்டது.

அண்மைக் காலத்தில் ஆர்வலர் பலர் பறவைகளைப் படமெடுக்கின்றனர். தேரூர்க் குளத்திலும் சுசீந்திரம் குளத்திலும் வந்து தங்கும் பறவைகளை அவர்கள் வைகறையிற் சென்று காத்திருந்து எடுக்கின்றனர். 2022-இல் இக்குளங்கள் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. பெருமைதான்! ஆனால் குளத்தைச் சூழ்ந்து நின்ற நெல்வயல்களை யார் எடுத்து வைத்தனர்? கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப்பட்டது. இன்று வயல்கள் பல தென்னந்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. நாற்று நட்ட பெண்கள், சூடடித்த மாடுகள், களத்து மேட்டிற் பொலி தூற்றியவர், இடுப்பில் பாளை அரிவாளுடன் பனையேறியவர், கரமடி இழுத்தவர் ஆகிய இவர்கள் அன்றாடம் கண்ட காட்சியானமையால் ‘இதில் என்ன புதுமை?’ என்று காமிரா திரும்பவில்லை. அருமையானவற்றையே எடுத்தோம், எளியவை நிலையாக இருக்கும் என்று நம்பினோம். எளியவையே முதலில் மறைந்தன.

வரலாறு கற்பிக்கும்போது அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குப் புகட்டப்பட்ட முதற்பாடம். அதற்கிணங்க, வீட்டிலுள்ள மிகப் பழைய படத்தை எடுத்து வந்து அதைப் பற்றிப் பேசுமாறு மாணவரிடம் சொல்வது என் வழக்கம். ஒருவன் பட்டாளத்துத் தாத்தாவைக் கொண்டுவருவான். ஒருத்தி திருமணப் படத்தைக் கொண்டுவருவாள். ஓராண்டு, கூலிவேலை செய்யும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி வாக்காளர் அடையாள அட்டை ஒன்றை நீட்டினாள். “பாட்டி படம் இதுதான் சார். வேறே எடுத்ததே இல்லை” என்றாள். தேர்தல் ஆணையம் 1993-இல் அவ்வட்டையை வழங்க ஆணையிட்டபோது, மோசடியைத் தடுப்பதே அதன் கருத்து. அரண்மனையும் அழைக்காத, ஸ்டுடியோவுக்குச் செல்லப் பணமும் இல்லாத அம்மூதாட்டியை, வாக்குரிமை காமிராவின் முன்னே அழைத்து அமர்த்தியது. மங்கலான சிறு படம். ஆனால் பக்கத்தில் அவர் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. மிஷன் படங்களிற் பெயரின்றி நின்ற எத்தனையோ பெண்களை நினைத்துக்கொண்டேன். அன்று வகுப்பில் அந்த அட்டையைத்தான் நெடுநேரம் பேசினோம்.

முகம் மட்டும் போதாது; பெயரும் வேண்டும். பெயர் மட்டும் இருந்து முகம் இல்லாத நிலை ஓலைக்கு. முகம் இருந்து பெயர் இல்லாத நிலை நம் சுவர்ப் படங்களுக்கு. இரண்டாம் தலைமுறை “பெரியப்பா” என்று சொல்லும். மூன்றாம் தலைமுறை “யாரோ நம்ம ஆட்கள்” என்று சொல்லும். நான்காம் தலைமுறை வீட்டை இடிக்கும்போது சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தை எறிந்துவிடும். ஸ்டுடியோக்கள் மூடப்படும்போது பெட்டி பெட்டியாக நெகட்டிவுகளும் குப்பைக்குச் செல்கின்றன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை குளச்சலையும் மணக்குடியையும் தாக்கியபோது, உயிரோடும் உடைமையோடும் படங்களும் போயின. கடல் கொண்டதை நாம் தடுத்திருக்க முடியாது. கரையான் அரிப்பதையும் இராமபாணப் பூச்சி தின்பதையும் தடுக்க முடியும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் அழுத்தாமல் எழுதுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். பெயர் தெரிந்த முதியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ஈரச் சுவரிலிருந்து படத்தை அகற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். பழைய நெகட்டிவுகள் வைத்திருக்கும் நிழற்படக்காரர் குடும்பங்கள் அவற்றை எறியுமுன் அருகிலுள்ள நூலகத்தையோ கல்லூரியையோ அணுகட்டும்; அவர்களும் முகங்கோணாமல் ஏற்றுக்கொள்ளட்டும். கையிற் காமிராத் தொலைபேசி உள்ள இளைஞர்கள், சூரியோதயத்தை எடுத்த பிறகு, அதே கடற்கரையிற் சங்கு விற்கும் அம்மையாரையும் அவர் இசைவு பெற்று ஒரு படம் எடுக்கட்டும். பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். சூரியன் நாளையும் வரும்.